மாமூல் சந்தை

கேள்வி: சந்தையைத் திறந்துவிட்டால் வறுமை குறையும் என்கிறீர்களே, இத்தாலியின் பலேர்மோவில் ஏன் குறையவில்லை?

பதில்: அங்கே சந்தையை எங்கே திறக்கவிட்டார்கள்? கடை வைத்தால் மாஃபியாவுக்கு மாமூல். மறுத்தால் ஷட்டர் பூட்டுக்குள் பசையை ஊற்றிவிடுவார்கள். பைஜாமா தைத்த ஆலை முதலாளி லிபேரோ கிராசி, தர முடியாது என்று 1991 ஜனவரியில் நாளிதழிலேயே கடிதம் எழுதினார். ஆகஸ்டில் சுட்டுக் கொன்றார்கள். மானியம் எவ்வளவு கொடுத்தாலும் அந்தப் பூட்டு திறக்காது. இதற்காக இடதுசாரிகளைத் திட்டவும் மாட்டேன். மாஃபியா சொத்தைப் பறிமுதல் செய்யும் சட்டத்துக்காகப் போராடி 1982இல் உயிரைக் கொடுத்தவர் கம்யூனிஸ்ட் பியோ லா தோரே. அந்தச் சட்டம்தான் வியாபாரியின் உண்மையான நண்பன். 2016இல் பலேர்மோவின் மக்வேதா வீதி வங்கதேசக் கடைக்காரர்கள் துணிந்து புகார் கொடுக்க, மிரட்டியவர்கள் கைதானார்கள். நம்மூர்த் தள்ளுவண்டிக்காரரிடமும் மாமூல் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள்.