தூளிக்கு என்ன நிறம்?

காட்டில் இரண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்டித் தூங்கப் போகிறேன். ராணுவப் பச்சை டிசைனில் வாங்கவா, பளிச்சென்று ஆரஞ்சில் வாங்கவா?

யார் கண்ணில் படக்கூடாது? கடன்காரர் என்றால் பச்சை. மான் என்றால் ஆரஞ்சே போதும். மானுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது; அந்தத் தைரியத்தில்தான் புலி அப்படி ஒரு சட்டை போட்டுக்கொண்டு பதுங்குகிறது! அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் வேட்டைக்காரர்கள் பளீர் ஆரஞ்சு அணிய வேண்டும் என்று சட்டமே உண்டு. மானுக்குத் தெரியாது, பக்கத்துத் துப்பாக்கிக்காரருக்குத் தெரியும். நீலம் மட்டும் வேண்டாம், அது மானுக்கும் தெரியும்.

அப்போ பச்சை டிசைனால் பயனே இல்லையா?

ஏன் இல்லை? ராத்திரி ஒதுங்கப் போய்விட்டுத் திரும்பினால் உங்கள் தூளி உங்களுக்கே கிடைக்காது. பார்படோஸுக்கு மட்டும் எடுத்துப்போகாதீர்கள். அங்கே இந்தப் புள்ளி டிசைன் ராணுவப் புள்ளிகளுக்கு மட்டும்தான்; குழந்தை போட்டாலும் குற்றம்.

தூளி பச்சையாகவே இருக்கட்டும். மேலே கட்டும் மழைத்துணியை ஆரஞ்சில் வாங்குங்கள். கால் பிசகிக் கிடந்தால், தேடி வருகிறவர் மானில்லையே!