மாலபே வரை வந்த வேலை

கேள்வி: செலவைக் குறைக்க மேல்நாட்டுக் கம்பனிகள் கணினி வேலையை இலங்கைக்கு அனுப்புகின்றனவாமே, அது எங்கள் ஊர் வரைக்கும் வருமா?
– வாசகர், குருக்கள்மடம்

பதில்: மென்பொருளுக்குக் கப்பலும் வேண்டாம், சுங்கமும் வேண்டாம். எழுதுபவரின் சம்பளமே அதன் பெருஞ்செலவு. அந்தச் சம்பளம் இலண்டனைவிடக் கொழும்பில் பல மடங்கு குறைவு என்பதால் வேலை கடல் கடக்கிறது. அங்கே வேலை இழப்பவரின் துயரமும் மெய்யானதே.

மலிவு மட்டுமே காரணம் என்பதும் சரியல்ல. 2009இல் இலண்டன் பங்குச்சந்தை, கொழும்பை அடுத்த மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐரி என்ற மென்பொருள் கம்பனியை 3 கோடி டொலருக்கு முழுதாகவே வாங்கியது. ஆண்டுக்குக் குறைந்தது 1 கோடி பவுண் மிச்சமாகும் என்பது கணக்கு. ஆனால் அந்தச் சந்தையின் பழைய வணிக மென்பொருள் 2008 செப்டெம்பரில் ஒருநாள் ஏறக்குறைய ஏழு மணி நேரம் முடங்கியிருந்தது. வேகமும் உறுதியும் அவசரமாகத் தேவைப்பட்டன. 2011 பெப்ரவரியில் இலண்டனின் பிரதான சந்தை இலங்கையர் எழுதிய மென்பொருளுக்கு மாறியது. கூலிக்கு எழுதிக் கொடுப்பதைவிட உயர்ந்த நிலை இது: சொந்தப் பொருளை விற்ற நிலை.

இத்தகைய கம்பனிகளில் பெரும்பாலானவை இன்றும் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையுமே சுற்றி நிற்கின்றன. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள குருக்கள்மடத்துக்குத் தூரம் தடையல்ல. தடங்கலில்லாத மின்சாரம், வேகமான இணையம், ஆங்கிலத்தில் தயங்காமல் பேசும் பயிற்சி, முதல் வாய்ப்பைத் தரும் கம்பனி ஆகிய நான்கும் மட்டக்களப்பிலேயே கிடைத்தால் வேலையும் வரும்.