அட்டென்டன்ஸ் சார்

ஆவடி பக்கத்து முத்தாபுதுப்பேட்டையில் யாரையும் 'எங்கே வேலை பார்க்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டியதில்லை. அவர்களே சொல்லிவிடுவார்கள். 'நான் எச்.வி.எஃப்.' என்பார் ராணுவ டாங்கி செய்யும் ஃபேக்டரிக்காரர் ஒருவர். 'நான் ஏர்ஃபோர்ஸ்' என்பார் இன்னொருவர், ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆன பிறகும். தெருமுனை வீட்டுக்காரர் ராணுவ உடை தைக்கும் ஓ.சி.எஃப். நாங்கள் எல்லாம் ஒரு டிபார்ட்மென்டில்தான் பிறந்தோம், பெற்றோர் வளர்த்தார்கள், அவ்வளவுதான்.

இந்த வரிசையில் சேராதவர் ஒருவர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆள் கணக்குப் பார்ப்பவர். தெருவில் அவருக்கு வைத்த பெயர் அட்டென்டன்ஸ் சார். இந்த வகை ஆள் உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எட்டு மணிக் கல்யாணத்துக்கு ஏழு ஐம்பத்தைந்துக்கே வந்து வாசலில் நின்று, எட்டு ஐந்துக்கு வருகிறவரை மேலும் கீழும் பார்ப்பவர்தான்.

பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வேலைக்குச் சேர்ந்தது கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸில். சின்ன ஜன்னல், பஞ்சிங் மெஷின், ஒரு சிவப்புப் பேனா. முதலில் டைம் கீப்பர், பிறகு பர்சனல் ஆபீசர், பிறகு ஹெச்.ஆர். மேனேஜர். கொரோனா முடிந்த கையோடு கம்பெனி அவரை 'பீப்பிள் பார்ட்னர்' ஆக்கியது. சம்பளம் அதேதான். வீட்டம்மா மட்டும் கவலைப்பட்டார்: "பார்ட்னர்னா நல்லா விசாரிச்சீங்களாங்க? நாளைக்குக் கம்பெனி கடன் நம்ம தலையில விழுந்துடப் போவுது."

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் முதலில் நிலைகுலைந்தவர் இவர்தான். ஆள் வராததைக் குறித்தே பழகியவருக்கு, ஒருத்தருமே வராத நாளில் எதைக் குறிப்பது என்று தெரியவில்லை. மூன்று நாள் ஐந்தரைக்கே எழுந்து, ஷேவ் செய்து, வீட்டு கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பால்காரர் அவரைப் பார்த்த பயத்தில் கொஞ்ச நாள் சரியான நேரத்துக்கு வந்தார்.

அந்த மாதக் கடைசியில் பி.எஃப். பணத்தில் கொரோனா முன்பணம் எடுக்கலாம் என்று அரசு அறிவித்தது. மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது கணக்கில் இருப்பதில் 75 சதவீதம், எது குறைவோ அது. சொல்ல எளிது. எடுக்கப் போனால் ஆதாரில் இனிஷியல் முன்னால், பி.எஃப். கணக்கில் பின்னால். இருபது வருஷமாக அதே இனிஷியலைக் காட்டி ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தவர், இப்போது ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு அதைச் சரிசெய்தார். வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் மொட்டை மாடி. ராத்திரி பத்து மணிக்கு லுங்கியோடு ஒருவர் இருட்டில் நின்று "வந்துச்சா? இன்னும் வரலையா? நல்லா பாரு, வந்திருக்கும்" என்று கத்தினால் தெரு என்ன நினைக்கும்? ஓ.டி.பி.யைக் கேட்கிறார் என்று எங்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. அந்த ஏப்ரலில் எத்தனை வீட்டில் அவரால் அரிசி வந்தது என்று அவர் சொன்னதில்லை. அவர் ரெஜிஸ்டரில் அதற்குக் கட்டமும் கிடையாது. (இதைக் கிண்டலாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அடுத்த பத்தியில் ஈடுசெய்துவிடுகிறேன்.)

கம்பெனி திறந்ததும் அவர் கையில் காய்ச்சல் துப்பாக்கி வந்தது. நெற்றிப்பொட்டில் துப்பாக்கியை வைத்து 'உங்கள் நலனில் எங்களுக்கு அக்கறை உண்டு' என்று சொல்லும் பாக்கியம் வேறு எந்த உத்தியோகத்தில் கிடைக்கும்? மலிவு விலைத் துப்பாக்கி வேறு. அது காட்டிய டிகிரியை நம்பினால் ஃபர்ஸ்ட் ஷிப்டில் பாதிப்பேர் உயிரோடு இல்லை. விரல் வைக்கும் மெஷினை பிளாஸ்டிக் பையால் மூடிவைத்தார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் துக்கவீட்டுக் களை வரும். மத்திய அரசு அலுவலகங்களில் 2021 நவம்பர் 8 முதல் மறுபடி விரல் ரேகை என்று பேப்பரில் வந்த அன்று, யாரும் சொல்லாமலே பையைக் கிழித்து, தன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

இந்த நேரத்தில் தெருமுனை ஓ.சி.எஃப்.காரருக்கும் ஒரு சோதனை. ராணுவச் சீருடை தைத்தவர்கள் 2020-ல் கவச உடை தைத்தார்கள்; அதில் அவருக்குப் பெருமை. ஆனால் 2021 அக்டோபர் 1-ஆம் தேதி படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கியபோது, அதே தையல் மெஷின் முன்னால் அதே ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் 'டெபுடேஷனில்' போய்விட்டார். "எழுந்திருக்காமலே வெளியூர் போன மாதிரி இருக்கு சார்" என்று அட்டென்டன்ஸ் சாரிடம் வந்து சொன்னார். இவர் யோசித்துவிட்டு, "டி.ஏ. உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அட்டென்டன்ஸ் சாரின் பாஷையே வேறு. முன்பு சி.என்.சி. ஆபரேட்டர் ஒருவர் வந்து "சார், ஆபீஸ்காரங்களுக்கு மட்டும் வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலையாம், எங்களுக்குக் கெடையாதா?" என்று கேட்டிருந்தால், "மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுப்பா" என்றிருப்பார். பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த பிறகு, "உங்க உணர்வை நான் மதிக்கிறேன்" என்கிறார். அந்த ஆள் மெஷினுக்கே திரும்பிப் போகிறார். முன்பாவது திட்டிக்கொண்டே போகலாம். மதித்த பிறகு எப்படித் திட்டுவது?

வாரந்தோறும் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று ஒரு கணக்கெடுப்பும் உண்டு. போனில் ஐந்து மூஞ்சி வரும், சிரிப்பதிலிருந்து அழுவது வரை. "அழுற மூஞ்சிய அமுக்கினா ஓ.டி. கெடைக்குமா சார்?" என்று கேட்டவருக்கு இன்னும் பதில் போகவில்லை. 'இரவில் ஆபீஸ் வேலையைத் தள்ளிவையுங்கள், மனநலம் முக்கியம்' என்ற அவரது மெயில் இரவு 11.40-க்கு வந்ததாகவும் கேள்வி.

அவர் மனசாட்சிக்குள் நடக்கும் சண்டை தனி. டி.சி.எஸ். 2020-ல், '2025-க்குள் 25 சதவீதம் பேர் மட்டும் ஆபீஸில் இருந்தால் போதும்' என்று சொன்ன பேப்பர் துண்டைப் பர்ஸில் மடித்து வைத்திருந்தார். அதைக் காட்டித்தான் வீட்டம்மாவிடம் சக்கர நாற்காலிக்குக் காசு வாங்கினார். 2023-ல் அதே கம்பெனி வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னதும், அந்தத் துண்டு ஆடும் மேஜையின் ஒரு காலுக்கு அடியில் போய்விட்டது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்தபோது ஸ்கூட்டரை நிறுத்தி மாடிகளை எண்ணினார். இருபத்தொன்று. "எல்லாரும் வீட்ல இருந்து வேலைன்னா இத்தனை மாடி எதுக்கு?" என்று கேட்டவரின் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் அவரே வீட்டில். கம்ப்யூட்டரில் பச்சைப்பொட்டு மஞ்சளானால் ஆள் சீட்டில் இல்லை என்று கணக்கு. விதியை எழுதியவரும் இவரே. ஆகவே தண்ணி கேன் வாங்கக் கிளம்பும்போது பத்தாவது படிக்கும் மகனைக் கூப்பிட்டு, மவுஸைக் கையில் கொடுத்து, "அசைச்சிக்கிட்டே இருடா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

போன வெள்ளிக்கிழமை நான் போனபோது, பால் பாக்கெட் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் முன்னால் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அன்றைய கட்டத்தில் 'பால் 2, கேன் 1' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் 'அரை நாள்'.

"இது யாரு போட்டது?"

"நான்தான்" என்றார் வீட்டம்மா அடுப்படியிலிருந்து. "தேங்காய் உடைக்கக் கூப்பிட்டேன், மீட்டிங்ல இருக்கேன்னீங்க. எட்டிப் பார்த்தா நாற்காலியை சாய்ச்சுக் கொறட்டை. அதான் போட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி காலண்டரைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"சி.எல்.லா, லாஸ் ஆஃப் பேயா?"