காலடிப்பேட்டைக் கடுவன் ஒருவனின் இன்மை குறித்து: ஓர் அளவையியல் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

காலடிப்பேட்டைப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் துரை என்னும் செவலைக் கடுவன் பூனைக்கு ஆபரேஷன் ஒழுங்காக நடந்திருக்கிறதா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். மளிகைக் கடையின் மாடிப்படிக்கு அடியில் மூவண்ணப் பெண்பூனை ஒன்று ஆடி மாதம் நான்கு குட்டி போட்டது. அவற்றில் இரண்டு செவலை. அன்றுமுதல் தெரு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

துரைக்குச் சோறு போடும் மாடிவீட்டு அக்காவின் தரப்பு: "பொங்கல் முடிஞ்ச கையோட ஆபரேசன் பண்ணியாச்சு. இன்னமும் எம்புள்ள மேலயே பழி போட்டா எப்படி?" எதிர்வீட்டு மீன்கார ஆயாவின் தரப்பு: "ஆபரேசன் பண்ண மூஞ்சா இது? கன்னத்தப் பாரு, இன்ஸ்பெக்டரு கணக்கா கீது." டீக்கடை பெஞ்சைச் சேர்ந்த ஆண் அறிஞர் பெருமக்கள் அனைவரும் ஆயாவின் பக்கம். அவர்கள் ஏன் அந்தப் பக்கம் என்பதற்கு இக்கட்டுரையின் முடிவுரையில் ஒரு குறிப்பு உண்டு.

2. ஆய்வுக் களம்

1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கிய பேட்டை இது. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இதன் பழம்பெருமை. 2021 பிப்ரவரியில் வந்த மெட்ரோ இதன் புதுப்பெருமை. பூனையியல் நோக்கில் இரண்டும் முக்கியமல்ல. தெற்கே காசிமேடு இருப்பதுதான் முக்கியம். விடியற்காலையில் அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறும் மீன்கூடைகள் எந்தெந்தத் தெருவில் இறங்குகின்றனவோ, அந்தந்தத் தெருவில் பூனை மக்கள்தொகை குறைவதற்கு வழியே இல்லை.

3. ஆய்வு முறை

ஒரு பொருளை அறியும் வழிகள் எத்தனை என்பதில் நம் முன்னோர் ஒத்துப்போனதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அளவைவாதி, வேதவியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்று கணக்குச் சொல்கிறான். 13ஆம் நூற்றாண்டு அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பத்தையும் வரிசைப்படுத்திவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று கணக்கை முடிக்கிறார். இந்த மூன்றையும் துரையின்மீது செலுத்திப் பார்த்ததில், மூன்றும் அவனிடம் தோற்றன. ஆகவே, அடங்கிவிட்டதாக அவர் சொன்ன அபாவத்தை, அதாவது ஒன்று இல்லை என்று அறியும் அளவையை, மீண்டும் தனியே எழுப்ப வேண்டியதாயிற்று.

4. உரை அளவை

சான்று ஒன்று: அக்காவின் வாக்குமூலம். ரசீது கேட்டதற்கு, "அது எங்கியோ பீரோல கீது" என்றார். மேல்விசாரணையில் அவரே ஒரு சந்தேகத்தையும் வெளியிட்டார்: "ஒரு தையல்கூடப் போடல தம்பி. உள்ள கூட்டிட்டுப் போனாங்க, கொஞ்ச நேரத்துல கொடுத்துட்டாங்க. பக்கத்துவீட்டுப் பொட்டப் பூனைக்கு வயித்துல எவ்ளோ தையல்!"

இந்தச் சந்தேகத்துக்கு விடை எளிது. பெண்பூனைக்கு வயிற்றைத் திறந்து கருப்பையைத் தேடி எடுக்க வேண்டும். அங்கே தையல் கட்டாயம். கடுவனுக்கு விதைப்பையின் இருபுறமும் சின்னதாகக் கீறி, விதைகளை வெளியே இழுத்து, நாளத்தை முடிச்சுப் போட்டு அறுத்துவிடுவார்கள். கீறிய இடத்தைப் பெரும்பாலும் தைக்காமலே விடுவதுதான் வழக்கம். அது தானாக மூடிக்கொள்ளும். வேலை சில நிமிடம்தான். தையல் இல்லாததால் ஏமாற்றிவிட்டார்கள் என்பது தவறு.

சான்று இரண்டு: செய்யாறு பக்கமிருந்து வந்து குடியேறிய பெரியவர். "காயடிச்ச மாட்டுக்குப் பை அப்படியே இருக்கும்பா. இதுக்கு ஒன்னும் காணோமே, அப்ப வேற என்னமோ பண்ணிட்டானுங்க" என்பது அவர் கூற்று. மாட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. பர்டிசோ இடுக்கியால் நாளத்தை நசுக்கிவிட்டால் விதை உள்ளேயே சுருங்கும். பை தொங்கிக்கொண்டுதான் இருக்கும். பூனைக்கு அந்த முறை கிடையாது. மாட்டுச் சாத்திரத்தைப் பூனைக்குப் பொருத்தியதே பிழை.

சான்று மூன்று: காது. பிடித்து, ஆபரேஷன் செய்து, பிடித்த இடத்திலேயே விடும் தெருப்பூனைகளுக்கு இடது காதின் நுனியை நேர்கோடாக வெட்டிவிடுவது பல நாடுகளில் உள்ள வழக்கம். துரையின் இடது காதிலும் ஒரு துண்டு இல்லை. இதை முத்திரை என்றார் அக்கா. அருகில் சென்று பார்த்ததில், வெட்டு நேராக இல்லை. பல் பட்டதுபோல் பிசிறு. தண்டையார்பேட்டைத் திசையிலிருந்து இரவில் வந்துபோகும் ஒரு கறுப்புக் கடுவன் எழுதிய சான்றிதழ் அது. அதிகாரப்பூர்வமானதல்ல.

5. காண்டல் அளவை

நேரில் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவது இயல்பு. சங்கரா மீன் தலை ஒன்றைக் காட்டித் துரையை வரவழைத்த ஆயா, அவன் தலையைத் தின்னும் நேரத்தில் வாலைத் தூக்கினார். செவுளை விரித்துப் பார்த்து மீனின் வயதைச் சொல்லும் அதே விரல்களால் பையைத் தடவினார். மயிர் மூடிய சின்ன மேடு ஒன்று. உள்ளே உருண்டையாக, கெட்டியாக எதுவும் உருளவில்லை. துரை தலையைத் திருப்பி ஒருமுறை முறைத்துவிட்டு மறுபடி மீனுக்குத் திரும்பினான்.

"ஒன்னும் இல்ல," என்றார் ஆயா. முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். ஆபரேஷன் ஆன புதிதில் பை வீங்கி, ரத்தம் கட்டி, உள்ளே ஏதோ இருப்பதுபோலவே தோன்றும். இதைக் கண்டு "எடுக்கவே இல்லை" என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போவோர் உண்டு. சில வாரத்தில் வற்றிவிடும். துரைக்கு ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் கடந்துவிட்டதால் இந்த ஐயம் எழவில்லை.

6. கருதல் அளவை

புகையிருந்தால் நெருப்பிருக்கும். நடத்தை அப்படியிருந்தால் விதையும் இருக்கும் என்பது டீக்கடைத் தரப்பின் வாதம். குற்றப்பத்திரிகை: சண்டை போடுகிறான், கன்னம் தடித்திருக்கிறது, ஒரு ஸ்கூட்டியின் பின்சக்கரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை நிமிர்த்தி, நுனியைச் சிலிர்த்து, பின்னோக்கிப் பீய்ச்சினான். கடைசிக் காட்சியை இவ்வாய்வாளரும் கண்டார்.

வாதம் நிற்காது. 1984இல் கலிஃபோர்னியாவில் ஹார்ட், கூப்பர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, இளமையிலேயே ஆபரேஷன் ஆன கடுவன்களிலும் பத்தில் ஒன்று பீய்ச்சத்தான் செய்கிறது. ஆபரேஷன் ஆன பெண்பூனைகளிலும் நூற்றுக்கு ஐந்து அதைச் செய்கின்றன. கன்னச் சதை, வளர்ந்தபின் ஆபரேஷன் ஆன பூனைக்கு முழுக்க வற்றிவிடும் என்பதற்கில்லை. சண்டை, பழக்கதோஷம்.

நாற்றத்தை வைத்துக் கருதலாமா? முழுக் கடுவனின் மூத்திரத்தில் ஃபெலினைன் என்னும் கந்தகச் சேர்மம் மிகுதி. விதை போனால் அது சரியும், வீச்சமும் குறையும். கோட்பாடு நல்லது. ஆனால் மேற்கே மணலி, வடக்கே எண்ணூர், தெற்கே காசிமேடு ஆகிய மூன்று திசைக் காற்றும் சந்திக்கும் தெருவில், ஒரு பூனையின் தனிப்பட்ட பங்களிப்பைப் பிரித்தறியும் மூக்கு இன்னும் பிறக்கவில்லை.

எஞ்சியது நிறம். "கொழந்த செவப்பு, அப்பன் செவப்பு, இதுல என்ன ஆராய்ச்சி?" என்று பெஞ்சில் ஒருவர் கேட்டார். ஆராய்ச்சி இருக்கிறது. பூனையின் செவலை நிறம் எக்ஸ் குரோமோசோமில் ஏறிவருவது. அந்த மரபணு எதுவென்பதை ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டும் 2025இல் தனித்தனியே வெளியிட்டன. ஆண்குட்டிக்கு அப்பன் தருவது ஒய் குரோமோசோம். ஆகையால் ஆண்குட்டி செவலையாக இருந்தால், அந்த நிறம் அம்மா கொடுத்தது. அப்பன் கறுப்போ வெள்ளையோ, கேள்வியே இல்லை. மூவண்ணத் தாய் செவலை மரபணு ஒன்றைக் கைவசம் வைத்திருப்பவள். பெண்குட்டி முழுச் செவலையாக இருந்தால் மட்டும் அப்பனும் செவலையாக இருந்தாக வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, தாயின் சீற்றத்துக்கு நடுவே இரண்டு குட்டிகளின் வாலையும் தூக்கிப் பார்த்தோம். இரண்டும் ஆண். நிறச்சாட்சி அத்தோடு விழுந்தது.

நாட்கணக்கும் துரைக்கே சாதகம். ஆபரேஷனுக்குப் பிறகும் நாளங்களில் மிஞ்சிய விந்தணுவால் சில வாரம் கடுவன் தகப்பனாகலாம். பூனையின் சினைக்காலம் 63 முதல் 65 நாள். இரண்டையும் கூட்டினாலும் கணக்கு சித்திரை, வைகாசியோடு முடிகிறது. ஆடி வரை நீளாது. ஆனால் இந்தக் கணக்கு, ஆபரேஷன் முழுசாக நடந்தது என்று வைத்துக்கொண்டு போட்டது. நிரூபிக்க வேண்டியதும் அதுதான்.

7. அபாவம்

ஆயாவின் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அதனால் எதுவும் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. சில கடுவன்களுக்கு ஒரு விதை, அரிதாக இரண்டுமே, பைக்கு இறங்காமல் வயிற்றிலோ தொடையிடுக்கிலோ தங்கிவிடும். இறங்கிய ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, இருந்ததே அவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டால், பை காலியாகவும் பூனை முழுக் கடுவனாகவும் இருக்கும். உள்ளே சூட்டில் கிடக்கும் விதை விந்தணு உண்டாக்காது. ஆனால் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அத்தகைய பூனைக்குப் பிள்ளை பிறக்காது, கெட்ட பெயர் மட்டும் குறையாது.

மீமாம்சகரான குமாரில பட்டரின் மரபு இங்கே கைகொடுக்கிறது. ஒரு பொருள் இருந்திருந்தால் கண்ணில் பட்டே ஆகும் என்ற இடத்தில் அது படவில்லையானால் மட்டுமே, அது இல்லை என்று அறிந்ததாகும். இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பதால் குடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. துரையின் பை ஓர் இருட்டறை. அப்படியானால் வெளிச்சமான அறை எது?

அதற்கு விடை 1967இல் வந்துவிட்டது. நியூயார்க்கில் ஆரன்சன், கூப்பர் ஆகிய இருவர் பூனைக் குறியின் முட்களை ஆராய்ந்து எழுதினார்கள். முழுக் கடுவனின் குறியில் பின்னோக்கி வளைந்த நூற்றுக்கும் மேற்பட்ட நுண்முட்கள் உண்டு. அவை ஆண் ஹார்மோனை நம்பியே வாழ்பவை. விதை போனால் சில வாரங்களில் தேய்ந்து மறையும்; எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் விதை சுரந்துகொண்டிருந்தாலோ அப்படியே நிற்கும். ஆக, விதை எங்கிருந்தாலும் முள் காட்டிக்கொடுக்கும். குமாரிலர் கேட்ட நிபந்தனை இங்கே நிறைவேறுகிறது.

துரையைக் கூடையில் போட்டு ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் கழுத்துத் தோலை ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, இரு விரலால் குறியை வெளியே தள்ளி, விளக்கடியில் பார்த்தார். வழவழவென்று இருந்தது. "முள்ளு இல்ல சார், சுத்தமா எடுத்திருக்காங்க," என்றார். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் ஹார்மோன் ஊசி போட்டு, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறதா என்று பார்க்கலாம் என்றும் சொன்னார். செலவைக் கேட்டதும் சந்தேகம் தீர்ந்தது.

8. முடிவுகள்

முதலாவது: துரைக்கு ஆபரேஷன் ஒழுங்காகவே நடந்திருக்கிறது. கன்னமும் சண்டையும் சாட்சியாகா, பையும் முழுச்சாட்சியாகாது, முள்ளே சாட்சி.

இரண்டாவது: குட்டிகள் துரையுடையவை அல்ல. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு அப்பன்கள் இருப்பது பூனைகளிடம் சாதாரணம் என்பதால், தண்டையார்பேட்டைக் கறுப்பன் ஒருவன்மீதே பழியைப் போடவும் இவ்வாய்வு துணிய மாட்டாது.

மூன்றாவது: ஒரு கடுவனுக்கு ஆபரேஷன் செய்வதால் தெருவில் பூனை குறையாது. அவன் விட்ட இடத்தை நிரப்ப வரிசை காத்திருக்கிறது. மூவண்ணத் தாயை ஒருநாள் வேப்பேரிக்கு அழைத்துப் போயிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. ஆனால் பெண்பூனைக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும், பாவம் என்று பெஞ்சு ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது.

நான்காவது, பெஞ்சு குறித்த குறிப்பு. ஆண்களுக்கான வாசெக்டமியை 1950களின் பிற்பகுதியிலேயே ஊக்கத்தொகை கொடுத்துப் பரப்பிய மாநிலம் இது. ஆணுக்கு அது பெண்ணுக்குச் செய்வதைவிட எளிய ஆபரேஷன். வயிற்றைத் திறக்கும் வேலையே இல்லை. இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம்; கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். மனிதர்களில் பெண்ணுக்குத்தான் ஆபரேஷன், பூனைகளில் ஆணுக்குத்தான் ஆபரேஷன் என்று தீர்மானித்த பெஞ்சில், எவரும் எந்தக் கத்தியையும் நேரில் கண்டவரல்லர். ஆயா, மளிகைக் கடை அம்மா, மாடிவீட்டு அக்கா மூவரும் கண்டவர்கள். இந்தத் தெருவில் ஆண்வர்க்கத்தின் சார்பாகக் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போய்வந்தவன் துரை ஒருவனே. அவனிடம்தான் சான்றிதழ் கேட்கிறார்கள்.