பத்துக்குப் பத்தில் ஒரு தியேட்டர்காரர்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரில், அதாவது 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட பின்னும் ஊரார் பேச்சில் போர்ட் பிளேராகவே வழங்கிவரும் நகரத்தில், அரசுக் குடியிருப்பின் சின்னஞ்சிறு கூடத்தைத் திரையரங்காக மாற்றியே தீருவது என்று உறுதிபூண்ட ஒரு வகை மனிதரைத் தமிழர்களிடையே காணலாம். இவர் பெரும்பாலும் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகவோ இளநிலைப் பொறியாளராகவோ இருப்பார்; நாற்பதைக் கடந்திருப்பார்; வங்கிக் கடனும் மகளின் கல்லூரிக் கட்டணமும் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும்; ஆயினும் அபர்தீன் பஜாரில் எதிர்ப்படுபவர் நலம் விசாரித்தால், "ரியர் ஸ்பீக்கர்தான் இன்னும் செட் ஆகல" என்றே பதில் சொல்லுவார். குவார்ட்டர்ஸ் தியேட்டர்காரர் என்று இவரைக் குறிப்பிடலாம்.

இவருக்கு இந்நோய் தொற்றுவது மெயின்லேண்டில், அதாவது தீவினர் அவ்வாறு அழைக்கும் இந்தியப் பெருநிலத்தில்தான். எல்.டி.சி. எனப்படும் விடுப்புப் பயணச் சலுகையில் சென்னைக்குக் குடும்பத்துடன் சென்றவர், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் திரையரங்குக்கும் போவார். திருமணம் மறந்துவிடும், திரையரங்கு மறக்காது. ஒவ்வோர் ஒலியையும் தனிப்பொருளாகக் கருதித் தலைக்கு மேலும் நகர்த்திக்காட்டும் டால்பி அட்மாஸ் முறை, சிவாஜி படத்தின் முப்பரிமாண வடிவத்தின் வழியே 2012-இல் தமிழ்த் திரைக்கு வந்தது. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவர், நேராக அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போய்விடுவார். மின்னணுச் சாமான்கள் மலைபோல் குவிந்துகிடக்கும் அத்தெருவில் அவருக்குக் கிடைப்பது '5.1' எனப்படும் அமைப்பாகும்: முன்னே இடமும் வலமும் நடுவும் ஆக மூன்று ஒலிபெருக்கிகள், பார்ப்பவரின் பக்கங்களில் சற்றுப் பின்னே இரண்டு, இவற்றோடு அடிஒலிக்கென்று தனியே ஒரு பருத்த பெட்டி. ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலிகளை மட்டும் சுமக்கும் தனித்தடமே அந்தப் 'புள்ளி ஒன்று'. அதை ஒலித்துக்காட்டும் பெட்டிக்கு சப்-வூஃபர் என்று பெயர். அட்டைப்பெட்டியின் முகப்பில் 5000 வாட் பி.எம்.பி.ஓ. என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும்; இது எந்தத் தரக்கட்டுப்பாட்டுக்கும் உட்படாமல், விற்பவரின் துணிச்சலை மட்டுமே அளக்கும் ஓர் அலகாகும். அதே பெட்டியின் பின்புறம் மின்செலவு 60 வாட் என்று பொடி எழுத்தில் இருப்பதையும், வீட்டு மிக்சியே அதைவிடப் பன்மடங்கு இழுக்கும் என்பதையும் அவருடைய மனைவி கடையிலேயே கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார். அது காதில் ஏறியிராது.

விமானத்தில் கூடுதல் சுமைக்குக் கட்டணம் அதிகமாகையால் இச்சாமான்கள் கப்பலேறும். சென்னையிலிருந்து போர்ட் பிளேரின் ஹாடோ துறைக்கு வரச் சுமார் மூன்று நாளாகும். மிகக் குறைந்த கட்டணமுடைய பங்க் வகுப்பில், அடுக்குப் படுக்கை ஒன்றில் சப்-வூஃபர் போர்வை போர்த்திப் படுத்திருக்க, அதன் உரிமையாளர் காலருகே குந்தியபடி வருவதை உடன்பயணிகள் முதல் நாள் வியப்பார்கள், மூன்றாம் நாள் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள்.

உண்மையான சோதனை வீட்டுக்கு வந்தபின் தொடங்குகிறது. அவருடைய கூடம் பத்தடி நீளம், பத்தடி அகலம். ஊழ்வினை வலியதாக இருப்பின் உயரமும் பத்தடி. ஒலியியல் அறிந்தோர் அஞ்சி விலகும் வடிவம் இது. ஒலி விநாடிக்குச் சுமார் 348 மீட்டர் வேகத்தில் சென்று சுவரில் மோதித் திரும்புகையில், சுவரிடைத் தொலைவின் இருமடங்குக்கு நிகரான அலைநீளமுடைய ஒலி தனக்குத்தானே வலுச்சேர்த்து நிலைத்துவிடுகிறது. இதனை அறையின் ஒத்ததிர்வு என்பர். பத்தடிக்கு அது 57 ஹெர்ட்ஸ் அளவில் அமையும். மூன்று பக்கமும் ஒரே அளவாக இருப்பின் மூன்று ஒத்ததிர்வுகளும் ஒரே புள்ளியில் கூடிவிடுவதால், படத்தில் கதாநாயகன் கதவைச் சாத்தினாலும் வில்லன் வீட்டைத் தகர்த்தாலும் அறையில் கேட்பது ஒரே 'தும்' ஆகும். அந்த 'தும்'முக்கு இரும்பு பீரோவின் கதவும் அலமாரியின் எவர்சில்வர் தட்டுகளும் தாளம் சேர்க்கும். இவற்றைப் பின்புற ஒலிபெருக்கியின் நுணுக்கங்கள் என்று எண்ணி அவர் மெய்சிலிர்ப்பதும் உண்டு.

இதே ஒத்ததிர்வு சுவரோரத்தில் உச்சமாகவும் அறையின் நட்டநடுவில் இல்லாதது போலவும் இருக்கும் என்பதுதான் வேடிக்கை. விருந்தினர் சுவரையொட்டிய சோபாவில் அமர்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்க, ரிமோட்டும் கையுமாக நடுக்கூடத்தில் நிற்கும் தியேட்டர்காரருக்கோ அடிஒலியே கேட்காது. ஆகவே அவர் மேலும் இரண்டு புள்ளி கூட்டுவார். சோபாவைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னே இழுத்துப்போட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் கூடத்தில் நடக்க வழியிருக்காது, கொடியில் துணி உலர்த்தவும் இடமிருக்காது. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டரளவு மழை பெய்யும் ஊரில் துணி உலர்த்தும் இடத்தை ஒலியியலுக்காக விட்டுக்கொடுக்கும் இல்லத்தரசி எவரும் இலர்.

சப்-வூஃபருக்கு இடம் தேடும் சடங்கைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். வல்லுநர் பரிந்துரைக்கும் முறைப்படி, முதலில் அப்பெட்டியை ஆள் அமரும் சோபாவின் மீதே ஏற்றிவைத்து, அடிஒலி மிகுந்த இசையை ஓடவிட்டு, ஆள் தரையில் தவழ்ந்து அறையைச் சுற்றிவரவேண்டும்; எந்த இடத்தில் அடிஒலி திரளாமல், குறையாமல், சீராகக் கேட்கிறதோ அதுவே பெட்டிக்குரிய இடம். முறை முற்றிலும் சரியானதே. எனினும் லுங்கியை மடித்துக் கட்டிய ஓர் அரசு ஊழியர் ஞாயிற்றுக்கிழமை காலையில் காதைத் தரையோரம் சாய்த்தபடி முழங்காலிட்டு ஊர்ந்துகொண்டிருக்க, அவ்வேளை பார்த்து அலுவலக மேலாளர் கோப்பில் கையெழுத்து வாங்க வந்து நிற்பதற்கு அந்த வல்லுநர்கள் வழி எதுவும் கூறவில்லை. இவ்வளவுக்கும் பின் கண்டறியப்பட்ட சிறந்த இடம் சமையலறை வாசலாகவே இருக்கும், மனைவி, "என்னங்க, நான் எந்த வழியா போறது?" என்று கேட்டதும் பெட்டி மூலைக்கே திரும்பிவிடும்.

எஞ்சியவற்றுக்கு விதிகள் எளியவை. முன்பக்கத்து இரண்டும் பார்ப்பவரின் நேர்க்கோட்டிலிருந்து முப்பது பாகையிலும், பின்னிரண்டும் நூறு முதல் நூற்றிருபது பாகைக்குள், காதைவிடச் சற்று உயரத்திலும் அமையவேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று மனிதக் காது பெரும்பாலும் அறியாதாகையால், அதனைப் பெட்டிக்கு விட்டுவிட்டு மற்ற ஐந்தும் கையளவேயுள்ள சிறு ஒலிபெருக்கிகளாக இருக்கலாம். சாதாரண ஒலிபெருக்கியே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 85 டெசிபலைத் தொடும் என்கையில், பத்தடி அறைக்குப் பத்து வாட்டே தாராளம். தியேட்டர்காரருக்கு இவை அனைத்தும் மனப்பாடம். ஆனால் பெரியவற்றையே வாங்குவார்.

தீவின் காற்றும் அவருக்குப் பகை. உப்பும் ஈரமும் கலந்த அக்காற்றில் செப்புக்கம்பியின் முனை பச்சைக் களிம்பேறும், காகிதக் கூம்பில் பூஞ்சை படரும், பெருக்கியின் கதகதப்பைத் தேடிப் பல்லி குடியேறும். முன்பெல்லாம் படங்களும் வன்தட்டில் கப்பலேறியே வந்தன. 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே சுமார் 2300 கிலோமீட்டர் நீளக் கடலடி ஒளியிழை வடம் திறந்துவைக்கப்பட்ட பிறகே வீட்டிலிருந்தபடி இணையத்தில் படம் பார்ப்பது கைகூடிற்று. அரசு அவ்வடத்தை இட்டது தமது சரவுண்ட் சவுண்டுக்காகவே என்பது இவருடைய அந்தரங்க நம்பிக்கை.

சோதனைக்கு இவர் எடுப்பது பெரும்பாலும் சிறைச்சாலை. காலாபாணி என்று 1996-இல் மலையாளத்தில் வெளிவந்து, செல்லுலார் சிறையின் கொடுமைகளைக் கூறிய இப்படம், ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றது. அதன் சவுக்கடிகள் இடமிருந்து வலமாகச் செல்வதை நாள்தோறும் சரிபார்க்கும் இவர், கூப்பிடு தூரத்திலிருக்கும் உண்மைச் சிறைக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால் மட்டுமே போவார். அங்கு மாலையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியில், அரசமரமே கதைசொல்லியாகித் தியாகிகளின் வரலாற்றைக் கூறக் கூட்டம் கண்ணீர் மல்கும்போது, இவர் மட்டும் கழுத்தை வளைத்து ஒலிபெருக்கிகளை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருப்பார்.

வசனம் முணுமுணுப்பாகவும் வெடிச்சத்தம் இடியாகவும் கேட்கும் குறையை ஓராண்டாக ஆராய்ந்தும் அவரால் தீர்க்க முடிந்திராது. பெரிய ஒலியைத் தணித்துச் சிறிய ஒலியை உயர்த்தும் 'நைட் மோட்' பொத்தானை மனைவி ஒருநாள் சீரியல் பார்க்கையில் அழுத்திவிட, அன்றோடு தீர்ந்துவிடும். அதை அவர் வெளியில் சொல்லமாட்டார்.

அக்கம்பக்கத்தார் பாடுதான் தனி. வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் கூடி வாழும் அக்குடியிருப்பில் உயர்ஒலியைச் சுவர் தடுத்துவிடும். அடிஒலியோ கட்டடத்தின் எலும்பு வழியே மூன்று மாடிக்கும் செல்லும். நில அதிர்வு வரைபடத்தில் மிகக் கடுமையான மண்டலத்தில் அமைந்து, 2004 டிசம்பர் 26-இன் நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் மறக்கவியலாத தீவுகளாதலால், தரை லேசாக உறுமினாலும் எல்லாரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவிடுவார்கள். புதுப்பெட்டி வந்த வாரத்தில் இவ்வாறு இரண்டு மூன்று முறை ஓடி, "க்யா அண்ணா, ஃபிர் பிக்சர் ஹை க்யா?" என்று அலுத்துக்கொண்டவர்கள், பின்னர் உண்மையாகவே பூமி அசைந்த இரவில் 'படந்தான்' என்று புரண்டு படுத்துவிடும் நிலையும் நேர்கிறது, தியேட்டர்காரரோ அந்த அதிர்வின் தெளிவை வியந்து ஒலியளவைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே இவருக்கு அண்டைவீட்டாராக வாய்த்தோர், உறுமல் கேட்டவுடன் எதற்கும் படியிறங்கி வெளியே வந்துவிடுவதும், படமா பூமியா என்ற விசாரணையைத் திறந்தவெளியில் நின்றபடி நடத்துவதும் நல்லது.