தள்ளவா, இழுக்கவா?

கேள்வி: வடிவமைப்பு பற்றிய புத்தகமெல்லாம் கலைக்கல்லூரி மாணவர்களுக்குத்தானே? சமையலறையே கதி என்று கிடக்கும் எனக்கு எதற்கு?

பதில்: உங்களுக்குத்தான் முதல் பிரதி! உளவியலாளர் டான் நார்மனின் 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' (1988-இல் வேறு தலைப்பில் வந்தது) அடுப்பையே ஆராய்கிறது. நான்கு பர்னர்களும் சதுரமாக இருக்கும். குமிழ்கள் மட்டும் ஒரே வரிசையில் நிற்கும். எதைத் திருகினால் எது எரியும்? பழகிய கையே தடுமாறும். பர்னர்கள் இருக்கிற அதே அமைப்பில் குமிழ்களையும் வைத்தால் குழப்பமே வராது. இழுக்கத் தோதான கைப்பிடியை வைத்துவிட்டு 'தள்ளவும்' என்று எழுதி ஒட்டிய கதவில் நீங்கள் முட்டிக்கொண்டால், குற்றவாளி கதவுதான்! இனி யாரிடமும் அசடு வழிய வேண்டாம். 2013-இல் வந்த திருத்திய பதிப்பையே வாங்குங்கள்.