பிரி-சீசன் அண்ணன்

ஆடி பிறந்துவிட்டால் கூழ் காய்ச்சவும் தோரணம் கட்டவும் எங்கள் ஊர் ரெங்கத்தில் ஆள் தேடுவார்கள். பிரி-சீசன் அண்ணனை மட்டும் யாரும் தேட வேண்டாம். ஜொகூர் காற்பந்து அணியான ஜேடிடியின் ஆட்டக்காரர்கள் விடுமுறை முடிந்து, லீக்குக்கு முந்தைய பயிற்சிக்குத் திரும்பிவிட்டார்கள். அண்ணனுக்குத் தலைக்கு மேல் வேலை.

ரயில் ஸ்டேஷன் பக்கத்து ஒட்டுக்கடையில், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற மேசைதான் அவருடைய அலுவலகம். சீனி போடாத கோப்பி ஓ ஒன்று, சுவரில் சொருகிய சார்ஜர் ஒன்று, கடைக்காரரின் வைஃபை. பயிற்சி நடப்பது ஜொகூர் பாருவில், ஸ்ரீ கெலாம் திடலில். காரில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே போய் வேலியோரம் நிற்கும் ஆசையெல்லாம் அண்ணனுக்குக் கிடையாது. வெயில் ஒத்துக்கொள்ளாது, முட்டி வலி வேறு. அணியின் முகநூல் பக்கத்தில் ஏறும் படங்களே போதும்.

"நேர்ல போய்ப் பாத்தா என்னாடா தெரியும்? ஓடிக்கிட்டே இருப்பானுங்க. படத்துலதான் ஒரு எடத்துல நிக்கிறானுங்க" என்பார்.

படம் ஏறியதும் முதல் வேலை தலைக்கணக்கு. முகம் தெரிகிறவர்களை விரல் மடக்கி எண்ணுவார். முதுகு மட்டும் தெரிகிறவர்களை முடிவெட்டை வைத்துக் கண்டுபிடிப்பார். எண்ணி முடித்து ஓர் ஆள் குறைந்தால் அன்றைக்குக் கடை இழவு வீடு மாதிரிதான். தொடையில் பிடிப்போ? சம்பளப் பேச்சு முறிந்து தாய்லாந்துக்குப் போகிறாரோ? மனைவிக்குப் பிரசவமோ? படம் எடுத்தவர் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாமல் இருந்திருக்கலாம் என்ற நான்காவது காரணத்தை மட்டும் அவரிடம் சொல்லக் கூடாது. நான் ஒருமுறை சொன்னேன். "ஒனக்கு பந்தப் பத்தி என்னா தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லோரும் படத்தில் இருந்துவிட்டால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். அடுத்தது முகபாவ ஆராய்ச்சி. ஒரு வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர் சிரிக்காமல் நின்றால், "மனசு இங்க இல்ல, ஊரு ஞாபகம் வந்திருச்சு." சிரித்துக்கொண்டு நின்றால், "பாத்தியா, வெளாட்டாப் போச்சு இவனுக்கு." வாய் மூடியும் மூடாமலும் நின்றால், "மூச்சு வாங்குது. லீவுல நல்லாத் தின்னுருக்கான்." பயிற்சியில் ஒரு மனிதன் முகத்தை எப்படி வைத்துக்கொண்டால் அண்ணன் ஏற்றுக்கொள்வார் என்று இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

முகமே இல்லாத படத்தையும் அவர் விடுவதில்லை. போன வருடம் ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு முழங்காலும் பாதி ஆடுசதையும் மட்டும் விழுந்திருந்தன. மற்றவர்கள் நடுவில் இருந்த கோல்காவலரைப் பார்த்தோம். அண்ணன் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு விரலால் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், கட்டம் கட்டமாகச் சிதறும்வரை பெரிதாக்கினார். கணுக்காலில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. கட்டு என்றார். இடது கால் என்றார். நிறத்தை வைத்து நாட்டைச் சொன்னார், ரோமத்தை வைத்து வயதைச் சொன்னார். புதிதாக வந்த தற்காப்பு ஆட்டக்காரர்தான், கணுக்கால் போய்விட்டது, இனி மூன்று மாதத்துக்கு ஆள் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போனை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். ரொட்டி சானாய் கிழித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் காலைப் பார்க்க வேண்டியதாயிற்று. ராமநாதபுரத்திலிருந்து வந்து இங்கே தே தாரிக் ஆற்றும் தம்பி ஒருவன் உண்டு. அவனும் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இது தண்ணி போத்தல் தூக்குறவரு காலுண்ணே. கீழ பாருங்க, செருப்பு."

செருப்புத்தான். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப தற்காப்பு ஆட்டக்காரன் எங்க?" என்று மறுபடியும் முதலிலிருந்து தலை எண்ணத் தொடங்கினார்.

ஆட்டக்காரர்கள் சட்டைக்குள் ஒரு கறுப்பு உள்சட்டை போடுகிறார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே சின்னப் பையில் ஜிபிஎஸ் கருவி இருக்கும். எத்தனை கிலோமீட்டர் ஓடினார், எவ்வளவு வேகத்தில் பாய்ந்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். அண்ணன் இதை வடை விற்கும் பாட்டிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பாட்டி படத்தை வாங்கிப் பார்த்து, "ஏன்டா ஆம்பளப் புள்ளைங்க பாடி போட்டுருக்கு?" என்று கேட்டது. அன்றைக்குக் கடை மூடும்வரை வேறு பேச்சே இல்லை. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய யோ-யோ சோதனையும் அண்ணனுக்கு மனப்பாடம். இருபது மீட்டர் போய்த் திரும்ப வேண்டும், கொஞ்சம் மூச்சு வாங்கலாம், பீப் சத்தம் வர வர வேகம் கூடும். இதைச் சொல்கிறவர், மேசைக்கு அருகில் மோட்டார் சைக்கிளை நிறுத்த இடம் இல்லையென்றால் கடைக்கு வராமலே திரும்பிப் போகிறவர்.

மஞ்சள் கூம்புகளையும் சொல்ல வேண்டும். திடலில் கூம்பு வைத்திருக்கும் இடத்தைப் பார்த்து அந்த ஆண்டின் வியூகத்தைச் சொல்லிவிடுவார். 2022 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஜப்பானின் உராவா அணியிடம் ஜேடிடி 5-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதே, நினைவிருக்கிறதா? தென்கொரியாவின் உல்சானை இரண்டு தடவை தோற்கடித்துக் குழுவில் முதலிடம் பிடித்துவிட்டுப் போன அணி அது. ஊரே வாயடைத்துக் கிடந்தபோது அண்ணன் முகத்தில் மட்டும் ஒரு தெளிச்சி. "வருஷ ஆரம்பத்துலயே சொன்னேன்ல? கூம்பு வச்ச லட்சணம் அப்புடி."

நட்பு ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் அவரோடு வாதாடவே முடியாது. ஆறு கோல் அடித்து ஜெயித்தால், எதிரணி மட்டம், இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு கோலில் தோற்றால், இப்போதே தோற்பதுதான் உடம்புக்கு நல்லது. சமநிலையில் முடிந்தால் வீட்டுக்குப் போகமாட்டார். அது சமநிலையில் முடிந்ததற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

இது ரெங்கத்துக்கு மட்டும் வந்த நோய் இல்லை. என் மைத்துனர் பெர்த்தில் குடியேறியவர். அங்கே முட்டை வடிவப் பந்தோடு, வட்டமும் இல்லாத சதுரமும் இல்லாத பெரிய திடலில், பக்கத்துக்கு 18 பேர் இறங்கி ஆடும் ஆஸ்திரேலியக் காற்பந்துக்கும் இந்த ரகத்து ரசிகர்கள் உண்டு என்கிறார். லீக் மார்ச்சில் தொடங்கிச் செப்டம்பர் கடைசியில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான பயிற்சி நவம்பரிலேயே ஆரம்பித்துவிடும். அந்த ஊர் கோடை வெயிலில் தொப்பி மாட்டி வேலியோரம் நின்று, யார் கூட்டத்தோடு ஓடினார், யார் தனியாக ஒதுங்கி மெதுவோட்டம் ஓடினார் என்று குறிப்பெடுப்பார்களாம். ஆனால் அவர்கள் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. கடைசியில் வந்த அணிக்குப் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு. இன்றைக்கு மண்ணைக் கவ்வியவர்கள் நாலைந்து ஆண்டில் கிண்ணத்தைத் தூக்கலாம். ஆகவே பயிற்சியில் ஒருவர் நொண்டினால் கவலைப்படத்தான் வேண்டும்.

நம்ம கதை அப்படியா? ஜேடிடி 2014இல் சூப்பர் லீக்கை வென்றது. அதோடு நிறுத்தவில்லை. 2024-25 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் தொடர்ந்து 11 முறை வென்றது. 2023இல் லீக்கில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. நடுவில் 2015இல் தஜிகிஸ்தான் வரை போய் ஏஎஃப்சி கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு வந்தது. இந்த அணிக்குப் போய்க் கணுக்கால் கவலை! இஸ்கண்டார் புத்ரியின் சுல்தான் இப்ராஹிம் விளையாட்டரங்கில் ஆட்டம் நடக்கும் இரவில் அண்ணனைப் பார்த்திருக்கிறேன். கடைத் தொலைக்காட்சியில் மூன்றாவது கோல் விழும்போது கொட்டாவி விட்டுக்கொண்டு பில் கேட்பார். முடிவு தெரிந்த ஆட்டத்தில் அவருக்கு என்ன வேலை? அவருடைய லீக் பயிற்சியோடு முடிந்துவிடுகிறது. பயப்படுவதற்கு அந்த ஆறு வாரம்தான் மிச்சம்.

அவர் வயதுக்காரர்களைக் கேட்டால் இதன் வேர் புரியும். 1991இல் ஜொகூர் லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் வென்றது. அண்ணனுக்கு அப்போது மீசை அரும்பும் வயது. தோட்டத்து லயத்தில் ஒரே ஒரு வீட்டில் கலர் டிவி, வாசல்வரை கூட்டம். 1998இல் எஃப்.ஏ. கிண்ணம் வந்தது. அதற்குப் பிறகு வறட்சியோ வறட்சி. லார்க்கின் அரங்கத்துக்குப் பஸ் பிடித்துப் போய், தோற்றுவிட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, அங்கேயே கடை வாசலில் படுத்துக் கிடந்து காலையில் பால்வெட்டுக்கு வந்து நின்றவர் இவர். இளமை முழுக்கக் கவலைப்பட்டே ஆதரித்த மனிதருக்கு, 2013இல் ஜேடிடி என்று எல்லாம் மாறி வெற்றி மேல் வெற்றி வந்தபோது அந்தக் கவலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கே ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்கத் தோன்றுகிறது. வாங்கியும் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அவர் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். அங்கேதான் பொறுமை போய்விடுகிறது. முன்பு லீக் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கியதால் பொங்கலும் தைப்பூசமும் அவரிடம் மாட்டிக்கொள்ளும். 2024-25இல் லீக் காலண்டர் மாறி, அடுத்த பருவம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. இப்போது ஆடி மாட்டிக்கொண்டது. ஓர் ஆடி வெள்ளிக்கு நூறு நாற்காலி சொல்லி, முன்பணமும் கொடுத்திருந்தோம். ஏழு மணிப் பூசைக்கு நாற்காலி வரவில்லை. வயதான அம்மாமார் சிமெண்டுத் தரையில் முந்தானையை விரித்து உட்கார்ந்தார்கள். போன் போட்டால் எடுக்கவில்லை. தேடிப் போன பையன் வந்து சொன்னான்: நாற்காலி ஏற்றிய லாரி சாலையோரம் நிற்கிறது, அண்ணன் ஸ்டியரிங் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பயிற்சிக் காணொளி பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்காலி வந்து இறங்கியபோது கூழ் அண்டா கழுவியாகிவிட்டது. மிச்சப் பணத்தில் ஒரு வெள்ளி குறைக்கவில்லை மனிதர்.

இதையாவது மறந்துவிடலாம். தேசிய அணியில் கோல்காவலராக நின்று 'ஸ்பைடர்மேன்' என்று பேர் வாங்கிய ஆர். ஆறுமுகம், 2010இல் சுசுகி கிண்ணத்தை மலேசியாவுக்கு முதன்முதலாக வாங்கித் தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால், ஜேடிடி சட்டையிலேயே வலப்பக்கம் பறந்த எஸ். குணாளன் என்று பேர் பேராகச் சொல்லி, "நம்ம பயலுங்க இப்ப எங்கடா?" என்று மேசையைத் தட்டுகிறவரும் இவர்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சனங்கள் பட்டணம் போனார்கள், தோட்டத்துக்குத் தோட்டம் இருந்த அணிகளும் திடல்களும் போய்விட்டன. எல்லாம் சரி. ஊர்த் திடலில் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் பயிற்சி செய்கிறார்கள். ஒட்டுக்கடையிலிருந்து நடந்தே போகலாம். வாத்தியார் தனியாளாக நின்று விசிலும் ஊதி, சாலையில் உருளும் பந்தையும் ஓடிப்போய் எடுத்து வருகிறார். கூம்பு வாங்கக் காசில்லாமல் ஜப்பான் செருப்பை வரிசையாக வைத்திருக்கிறார். கொஞ்சம் வந்து நில்லுங்கள் என்று அண்ணனைக் கூப்பிட்டார். "இப்ப எங்க சார் நேரம்? பிரி-சீசன் நடக்குதுல்ல" என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் கால் சுளுக்கி மூன்று நாள் நொண்டினான். அதைப் படம் பெரிதாக்கிப் பார்க்க ஆளில்லை.

ரெங்கம் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூடாரம், நாற்காலி வேண்டுமானால் லீக் தொடங்கிய பிறகு அண்ணனிடம் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். அப்போது அவர் சும்மாதான் இருப்பார்.